மிஞ்சிய புளி உருண்டை

மிஸ் வெர்னா டப்பாவை நீட்டியபோது ஆல்ரிக் கை நீட்டவில்லை.

கிளிஃப்டன் என்னும் தீவு ஊரின் படகுத்துறையில் காலை எட்டரை மணி. கடலாமை பார்க்கப் பதிவு செய்த விருந்தினர்கள் இன்னும் வரவில்லை. ‘லேடி வெர்னா’வின் இயந்திரத்தை ஓர்வில் இரண்டு முறை உறுமவிட்டு அணைத்தான். படகுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தவன் அவன்தான். அம்மா வந்தால் மட்டும் இயந்திரத்தோடு வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வான்.

“நேத்து போன்ல எத்தனை பேருன்னு கேட்டேன். பன்னெண்டுன்ன. பன்னெண்டுதான் உருட்டியிருக்கேன். பிடி” என்றாள் மிஸ் வெர்னா.

“வேணாம் மிஸ் வெர்னா. இப்பதான் பலகை இருக்கே.”

“பலகை பாட்டுக்குப் பலகை இருக்கட்டும். எட்டு மாசமா புளியத் தொடாத கை இது. நேத்துதான் தொட்டுச்சு. திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்றியா?”

ஆல்ரிக் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. டப்பா அவன் கையில் இருந்தது. மாமியார் படகுத்துறையின் பலகைகள் அதிர நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

புளி உருண்டை அவன் மனைவி கெஸியாவின் ஏற்பாடு. விருந்தினர்கள் நீந்தி முடித்துப் படகில் ஏறியதும், அவள் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஓர் உருண்டை வைப்பாள். வைக்கும்போது முகத்தைப் பார்த்து, “உப்புத்தண்ணி குடிச்ச வாய்க்கு” என்பாள். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு உருண்டை. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. படகோட்டிக்குக்கூடக் கிடையாது. டப்பா காலியானால் எல்லோரும் ஏறியாகிவிட்டது. ஒன்று மிஞ்சினால் யாரோ இன்னும் தண்ணீரில். ஆறு வருடத்தில் இரண்டு முறை மிஞ்சியது. இரண்டு முறையும் அவர்கள் நங்கூரத்தைத் தூக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலையில், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. முப்பது வயது. கிங்ஸ்டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆல்ரிக் ஒரு பலகை செய்தான். பன்னிரண்டு ஆணி, பன்னிரண்டு மரவில்லை, ஒவ்வொன்றிலும் ஓர் எண். இறங்கும்போது விருந்தினர் தம் வில்லையைக் கழற்றி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏறியதும் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணிகள் நிறைந்தால் புறப்படலாம். யார் கையையும் தொட வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நல்ல ஏற்பாடு என்று கடல் பூங்காக் காவலர்களே சொன்னார்கள்.

டப்பாவை மீன்பிடி வலைக்குப் பின்னால் தள்ளி வைத்தான்.

*

அன்று காற்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பாரடால் தீவுக்கு அருகே மஞ்சள் மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த வரிசைக்குள் படகு போகக்கூடாது. அது ஆமைகளின் புல்வெளி.

“தல!” என்று கத்தினார் மிஸ்டர் பூடூ.

டிரினிடாடிலிருந்து மனைவியோடு வந்தவர். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். தண்ணீருக்கு மேல் ஆமை ஒன்று மூச்சுக்குத் தலை நீட்டும்போதெல்லாம் அவர் கத்தினார். பழுப்பு நிறத்தில் ஒரு கைமுட்டி அளவு, இரண்டு நொடி, பிறகு இல்லை.

“தல! அங்க ஒரு தல! ருக்மின், பாத்தியா?”

“நீங்க கத்துற கத்துக்கு ஆமை வெனிசுவேலா போய்ச் சேர்ந்திருக்கும்” என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்ரிக் சிரிக்க வேண்டிய இடத்தில் வாயை மட்டும் அசைத்தான். பிறகு ஒன்பது வருடமாகச் சொல்வதைச் சொன்னான். ஆமையைத் தொடக்கூடாது. மேலே நின்று நிழல் போடக்கூடாது. பாறையில் கால் வைக்கக்கூடாது. மிதவைச் சட்டை வேண்டாம் என்பவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். ஒரு கை உயர்ந்தது. யாருடையது என்று அவன் பார்க்கவில்லை. சரி என்று தலையாட்டினான்.

நாற்பது நிமிடம் நீந்தினார்கள். கடற்புல்லை மேய்ந்த ஆமைகள் அவர்களைச் சட்டை செய்யவில்லை. திருக்கை ஒன்று மணலை உதறிக்கொண்டு எழுந்து போனது. பதினொன்றே முக்காலுக்கு ஓர்வில் சங்கை ஊதினான். ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறி வில்லைகளை மாட்டினார்கள். டக், டக் என்று மரம் மரத்தில் பட்டது. ஆல்ரிக் படகின் முகப்பான அணியத்தில் நின்று சிக்கிக்கிடந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ ஏதோ கேட்டார்கள். பெண் குரல். அவன் கயிற்றைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

திரும்பியபோது பலகை நிறைந்திருந்தது. பன்னிரண்டு.

“போலாமா மச்சான்?” என்றான் ஓர்வில்.

“போலாம்.”

*

பக்கத்துத் தீவான மெய்ரோவின் சால்ட் விசில் கரைக்குக் கால்மணி நேரப் பயணம். அங்கே மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை வாசம் படகுவரை வந்தது. விருந்தினர்கள் ஏணி வழியே முழங்கால் தண்ணீரில் இறங்கத் தொடங்கினார்கள்.

“மச்சான், அம்மா கொடுத்த டப்பா எங்க?” என்றான் ஓர்வில்.

“விடு.”

“கொடுக்கலன்னா நாளைக்கு என்னையத்தான் கேட்பா. உனக்கென்ன, நீ மாப்ள. ஏச்சு வாங்குறது நான்.”

ஆல்ரிக் டப்பாவை எடுத்து ஏணிக்கு அருகே நின்றான். இறங்குகிறவர்களின் கையில் ஒவ்வொன்றாக வைத்தான். வார்த்தை எதுவும் சொல்லவில்லை. சர்க்கரையில் புரட்டிய பழுப்பு உருண்டைகள் விரலில் ஒட்டின. கடைசியாக இறங்கிய ருக்மின் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “மிளகாய் போட்டிருக்காங்க, பரவாயில்லயே” என்றாள்.

படகு காலியானது. டப்பாவில் ஓர் உருண்டை இருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன?” என்றான் ஓர்வில்.

“ஒண்ணு மிஞ்சுது.”

“அம்மா பதிமூணு உருட்டியிருப்பா.”

“உங்கம்மாவா?”

ஓர்வில் டப்பாவை எட்டிப் பார்த்தான். அவன் அம்மா எண்ணிக்கையில் தவறுகிறவள் அல்ல. கெஸியாவுக்கு அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும்.

“யாராவது வாங்காம இறங்கியிருப்பாங்க. சக்கரை வியாதி இருக்கும். பலகையைப் பாரு, நெறஞ்சிருக்கு.”

பலகை நிறைந்துதான் இருந்தது. ஆல்ரிக் தண்ணீரில் குதித்துக் கரைக்கு ஓடினான். மணலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களை எண்ணினான். பதினொன்று. மறுபடி எண்ணினான். கழிப்பறைப் பக்கம் போய்க் கதவைத் தட்டினான். திறந்தே இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“யாரு இல்ல? உங்கள்ல யாரு இல்ல?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் கேட்ட கேள்வி அவனுக்கே அசிங்கமாக இருந்தது. மூன்று மணி நேரம் ஒரே படகில் இருந்தவர்களில் யார் இல்லை என்று வழிகாட்டி கேட்கிறான்.

“அந்த பார்படாஸ் அம்மா” என்றாள் ருக்மின், மெல்வதை நிறுத்திவிட்டு. “டாஃப்னி. தபால் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னாங்களே. ஊதாக் குல்லா. தனியா வந்தவங்க.”

“வில்லையை மாட்டினாங்களா?”

“மாட்டினாங்க, நான் பாத்தேன். முதல் ஆளா ஏறி, நீச்சல் கண்ணாடியில தண்ணி புகுதுன்னு மாத்திக்கிட்டாங்க. அப்புறம் உங்ககிட்ட என்னமோ சொல்லிட்டு…” ருக்மின் நிறுத்தினாள். “திரும்ப இறங்கினாங்களா என்னன்னு நான் பாக்கல தம்பி.”

ஆல்ரிக் படகைத் திரும்பிப் பார்த்தான். கயிறு. பின்னாலிருந்து வந்த குரல். இப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன, காது அவற்றை எங்கோ எடுத்து வைத்திருந்தது போல. *இன்னும் அஞ்சு நிமிஷம் போயிட்டு வரட்டுமா தம்பி? பெரிய ஆமை ஒண்ணு வந்திருக்கு.*

அவன் தலையாட்டியிருந்தான்.

சாவு வீட்டில் எல்லோருக்கும் தலையாட்டிய பழக்கம். தைரியமா இரு என்றார்கள், தலையாட்டினான். சாப்பிட்டியா என்றார்கள், தலையாட்டினான். எட்டு மாதமாக யார் வாய் அசைந்தாலும் தலை தானாக ஆடியது.

*

மிஸ்டர் பூடூ கேட்காமலேயே படகில் ஏறிவிட்டார். “ரெண்டு கண்ணு கூடுதலா இருக்கட்டும்” என்றார். மற்றவர்கள் கரையிலேயே நின்றார்கள். யாரும் சாப்பிடவில்லை.

இப்போது காற்று எதிரே இருந்தது. படகு ஒவ்வோர் அலையிலும் எழுந்து அறைந்து விழுந்தது. வரும்போது கால்மணி நேரம். போகும்போது இருபது நிமிடம் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம்.

ஆல்ரிக் வயர்லெஸ்ஸை எடுத்தான். ஓர்வில் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“காவலர்களைக் கூப்பிடாத. முதல்ல நாம போய்ப் பாத்துடலாம். அங்கேயேதான் மிதந்துக்கிட்டு இருப்பாங்க. கூப்பிட்டா லைசென்ஸ் போயிடும் மச்சான். படகு போயிடும்.”

“அவங்க மிதவைச் சட்டை போடல.”

ஓர்வில் கையை எடுத்தான்.

ஆல்ரிக் அழைத்தான். பெண், ஐம்பது வயதுக்கு மேல், ஊதாக் குல்லா, பாரடாலில் விடப்பட்டவர். ‘விடப்பட்டவர்’ என்ற சொல்லை ஒரு முறை விழுங்கிவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. காவலர் அலுவலகத்தில் லெஸ்லின் என்ற பெண், “எப்ப?” என்றாள். “முக்கால் மணி நேரம் ஆகப்போகுது” என்றான். “கிளம்பிட்டோம்” என்றாள்.

இடையில் இன்னொரு குரல் புகுந்தது. தீவுகளுக்கிடையே ரொட்டியும் மீனும் விற்கும் ரோமியோ.

“ஏ ஓர்வில், ஆளையே தொலைச்சுட்டியா? அடுத்த வாரம் படகைத் தொலைப்ப போல!”

ஓர்வில் பிடுங்கிப் பேசினான். “வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் திறந்து பாரு. நீ எங்க இருக்க?”

“பெட்டி பத்தோ தீவுப் பக்கம்.” ரோமியோவின் குரல் மாறியது. “இங்க யாரும் இல்லப்பா. இரு, சுத்திப் பாக்குறேன்.”

ஆல்ரிக் அணியத்தில் நின்றான். டாஃப்னியின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். வரவில்லை. குல்லாவைக்கூட அவன் பார்த்ததில்லை, ருக்மின் சொல்லித்தான் தெரியும். கறுப்பா, மாநிறமா, ஒல்லியா, பருமனா, ஒன்றும் தெரியவில்லை. நினைவில் இருந்தது ஒரு கை மட்டும். மிதவைச் சட்டை வேண்டாம் என்று உயர்ந்த கை. அதுவும் அவளுடையதா என்று உறுதியாகத் தெரியாது.

பாரடால் கிட்டத்தில் வந்ததும் ஓர்வில் வேகத்தைக் குறைத்தான். மஞ்சள் மிதவைகள் ஆடின. சூரியன் தண்ணீரில் சிதறிக் கண்ணைக் கூசவைத்தது. கரையில் ஓர் உடும்பு பாறைமேல் கழுத்தை உயர்த்தி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடப்புறம் ஒரு தலை எழுந்தது.

மிஸ்டர் பூடூவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தலை மூச்செடுத்துக்கொண்டு அமிழ்ந்தது. ஆமை.

வலப்புறம் இன்னொன்று. அதுவும் ஆமை. அப்புறம் தொலைவில் கறுப்பாக ஒன்று. ஓர்வில் படகைத் திருப்பினான். அது எழவுமில்லை, அமிழவுமில்லை. அருகே போனபோது தேங்காய் மட்டை.

காலையில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய அதே தலைகள். ஒவ்வொன்றும் இரண்டு நொடி ஆளைக் கொன்றுவிட்டுப் போனது.

“நான் காலைல ஏன் அப்படிக் கத்தினேன்” என்றார் மிஸ்டர் பூடூ, யாரிடமும் இல்லாமல்.

“இங்க இல்ல” என்றான் ஆல்ரிக். “இங்க இருக்க மாட்டாங்க. தண்ணி இறங்குது, பாரு.”

மிதவைகளின் சங்கிலிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பாரடாலுக்கும் ஜேம்ஸ்பி தீவுக்கும் நடுவே நீரோட்டம் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அது தீவுகளின் தெற்கு முனையைத் தாண்டினால் பிறகு கரை கிடையாது. நீந்தத் தெரிந்தவர் படகு போன திசையில் நீந்தியிருப்பார். களைத்திருப்பார். களைத்தவரை ஓட்டம் இழுக்கும்.

“இயந்திரத்தை அணைச்சுடு. தண்ணி நம்மளை எங்க கொண்டு போகுதுன்னு பாப்போம்.”

ஓர்வில் அணைத்தான். படகு பக்கவாட்டில் திரும்பி மெல்ல நகர்ந்தது. அலை மரத்தில் தட்டும் ஒலி மட்டும். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்து நின்றார்கள். ஆல்ரிக் தன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

கடைசி மிதவை தெற்கே தனியாக இருந்தது. வரிசையில் மற்றவை நிமிர்ந்து ஆடின. அது மட்டும் ஒருபக்கமாகத் தாழ்ந்து, அரைகுறையாக அமிழ்ந்திருந்தது.

அவன் குதித்துவிட்டான்.

*

அவள் மிதவைக்கு அடியிலிருந்த சங்கிலியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தாள். கண்ணாடியின் ரப்பர் பட்டையைச் சங்கிலியோடு சேர்த்து ஒரு மணிக்கட்டில் முறுக்கிக் கட்டியிருந்தாள். சிப்பி ஓடுகள் ஒட்டிய சங்கிலி அவள் முன்கைகளைக் கிழித்திருந்தது. ஊதாக் குல்லா. அகலமான முகம், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. உதடு வெளுத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

“வந்துட்டியா” என்றாள். பற்கள் தந்தியடித்தன. “அஞ்சு நிமிஷம்னுதான சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“கத்தினேன். தொண்டை போச்சு. படகு அப்படியே சின்னதாப் போயிடுச்சு.”

“விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

“விட மாட்டேன். நீ முதல்ல நல்லா பிடி.”

அவன் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டான். அவள் அப்போதும் விடவில்லை. பட்டையை அவன் பல்லால் இழுத்து அவிழ்க்க வேண்டியிருந்தது. படகில் தூக்கியபோது மிஸ்டர் பூடூ தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காவலர் படகு வந்து பக்கத்தில் அணைந்தது. லெஸ்லின் அதிலிருந்து தாவி ஏறினாள். முதலில் மிஸ் டாஃப்னியின் நாடியைப் பார்த்தாள், கைகளுக்கு மருந்து போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“என்ன நடந்துச்சு?”

ஓர்வில் முந்திக்கொண்டான். “ஏறி வில்லையை மாட்டிட்டாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லாம திரும்ப இறங்கிட்டாங்க. பலகை நெறஞ்சிருந்துச்சு. நாங்க என்ன பண்ண முடியும்?” பிறகு மிஸ் டாஃப்னியிடம் தணிந்த குரலில், “தப்பா நினைக்காதீங்கம்மா. ஆமையைப் பாத்த சந்தோஷத்துல மறந்திருப்பீங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

மிஸ் டாஃப்னி ஓர்வில் பக்கம் திரும்பவில்லை. ஆல்ரிக்கை மட்டும் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தபால் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே நிற்பவன் கடிதத்தைக் கொடுக்கப் போகிறானா இல்லையா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவன் சும்மா இருந்தால் போதும். அது அவனுக்குப் புரிந்தது. ஓர்வில் சொன்னது பலகையின்படி சரி. அவளும் களைத்துப்போய் ‘சரி, மறந்துட்டேன்’ என்று சொல்லிவிடக்கூடும்.

“என்கிட்ட கேட்டாங்க” என்றான் ஆல்ரிக். “இறங்கட்டுமான்னு கேட்டாங்க. நான் தலையாட்டினேன். என்ன கேட்டாங்கன்னு என் மண்டையில ஏறல.”

“மச்சான்” என்றான் ஓர்வில்.

“இறங்கினது அவங்க தப்பு இல்ல. எழுதிக்க லெஸ்லின். அணியத்துல நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. ஆளை எண்ணல. வில்லையைத்தான் எண்ணினேன்.”

லெஸ்லின் எழுதினாள். கெஸியாவோடு பள்ளியில் படித்தவள். அடக்கத்துக்கு வந்தவள். அன்று அவள் ஏதோ சொன்னதற்கும் அவன் தலையாட்டியிருப்பான். எழுதி முடித்து நோட்டை மூடினாள்.

“விசாரணை முடியற வரைக்கும் நீ வழிகாட்டியா யாரையும் தண்ணியில இறக்கக் கூடாது. படகு ஓடலாம். வேற ஆள் வச்சு ஓடணும். புரியுதா?”

அவன் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டான்.

“புரியுது” என்றான்.

ஓர்வில் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். பிறகு இயந்திரத்தைப் போட்டான்.

*

சால்ட் விசிலில் மற்றவர்கள் தண்ணீருக்குள் ஓடிவந்து படகைப் பிடித்தார்கள். ருக்மின் ஏறி, மிஸ் டாஃப்னியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், “நீங்க இல்லாததை நான் கவனிச்சிருக்கணும்” என்றாள்.

“எனக்குப் பசிக்குது” என்றாள் மிஸ் டாஃப்னி.

ஆல்ரிக் டப்பாவைத் திறந்தான். வெயிலில் சர்க்கரை இளகி, உருண்டை அடியில் ஒட்டியிருந்தது. கிளறி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். சங்கிலி கீறிய தோலில் உப்பும் சர்க்கரையும் படும் என்று வைத்த பிறகுதான் தோன்றியது. அவள் கையைச் சுருக்கவில்லை.

“என்ன இது?”

“புளி. உப்புத்தண்ணி குடிச்ச வாய்க்கு.”

அவள் வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். “ரொம்பக் காரம்” என்றாள். துப்பவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவன் இயந்திரத்துக்கு அருகே உட்காரவில்லை. எல்லோர் முகமும் தெரியும்படி, அணியத்தில் முதுகைக் கொடுத்து நின்றான். வலது ஓரத்திலிருந்து தொடங்கினான். மிஸ்டர் பூடூ, சட்டையில்லாமல். ருக்மின். கனடாக்காரர் இருவர், ஒருவருக்கு மூக்கு உரிந்திருந்தது. ஊதாக் குல்லா. இடது புருவத்தில் தழும்பு. ஒவ்வொரு முகத்திலும் சிறிது நின்று நகர்ந்தான்.

பன்னிரண்டு வந்தது.

கிளிஃப்டன் இன்னும் தொலைவில் இருந்தது. அவன் மறுபடியும் வலது ஓரத்திலிருந்து தொடங்கினான்.